சொல்லுக்குக் கூட்டாளிகள் உண்டு
(கல்பாக்கத்தில் நடந்த குறுவள மையக் கூட்டம் ஒன்றில் உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆங்கிலச் சொற்களைப் பிள்ளைகளுக்குப் பழக்குவது பற்றிப் பேசச் சொன்னார்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் இருக்கிறீர்கள், பத்தாம் வகுப்பு எடுப்பவர்களும் இருக்கிறீர்கள். என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் வகுப்புக்கு எது ஆகுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மருந்து பாட்டிலிலிருந்து தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி. கடலோரக் குப்பத்துப் பிள்ளை. வீட்டில் ஆயாவும் அவளும்தான் பகலில் இருப்பார்கள். ஆயாவுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. டாக்டர் ஒரு சிரப்பும், தடவிக்கொள்ள இளஞ்சிவப்பு லோஷன் ஒன்றும் கொடுத்திருக்கிறார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பாட்டில். எது எதற்கு என்று எழுதிக்கொடுத்த சீட்டு தொலைந்துபோயிற்று. ஆயா பேத்தியிடம் கொடுத்து, "நீதான் இங்கிலீஷ் படிக்கிறியே, இன்னா போட்டிருக்கு பாரு" என்றிருக்கிறார். லோஷன் பாட்டிலில் 'ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி' என்று இருந்தது. பிள்ளை ஒவ்வொரு சொல்லாகப் படித்து, "வெளியே வெச்சு மட்டும்தான் யூஸ் பண்ணணுமாம் ஆயா" என்று சொல்லிவிட்டாள். ஆயா பாட்டிலைத் திண்ணைக்கு எடுத்துவந்து, மூடியில் ஊற்றி வாய்க்குக் கொண்டுபோகும்போது, எதிர்வீட்டு அங்கன்வாடி உதவியாளர் பார்த்துத் தடுத்திருக்கிறார்.

மறுநாள் அந்தப் பிள்ளை இதைச் சிரித்துக்கொண்டே வகுப்பில் சொன்னாள். வகுப்பும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் அவளுக்குச் சொற்பொருள் தேர்வில் பத்துக்குப் பத்து போட்டிருந்தேன். அந்தப் பத்துச் சொற்களில் ஒன்று 'எக்ஸ்டர்னல்'. அவள் எழுதியிருந்த பொருள் 'வெளிப்புற'. சரிதானே? நானும் சிவப்பு மையில் டிக் போட்டேன்.

அப்போது நான் நடத்திய முறை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். கரும்பலகையின் வலது ஓரத்தில் ஒரு கட்டம். நாளுக்கு ஐந்து சொல். இடப்பக்கம் ஆங்கிலம், நடுவில் ஒரு கோடு, வலப்பக்கம் தமிழ். வெள்ளிக்கிழமை டிக்டேஷன், பொருள் தேர்வு. பிள்ளைகளும் நன்றாகத்தான் எழுதினார்கள். ஆனால் அவர்களிடம் இருந்தது ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். 'வெல்' என்றால் கிணறு. சிரப் பாட்டிலில் 'ஷேக் வெல் பிஃபோர் யூஸ்' என்று இருந்தால் கிணற்றை ஆட்ட வேண்டும்! 'டேக்' என்றால் எடு. 'டேக் ஆஃப்டர் ஃபுட்' என்றால் சாப்பிட்ட பிறகு எடுத்துக்கொண்டு போக வேண்டும். இவை நான் கற்பனை செய்தவை அல்ல. பாட்டில் சம்பவத்துக்குப் பிறகு, மருந்து அட்டைகளைக் கொடுத்து எழுதச் சொன்னபோது கிடைத்த விடைகள்.

இதில் பிள்ளைகள் மேல் குற்றமில்லை. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆசிரியர் அன்றைய வங்காளத்தில், டாக்காவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். நம்மைப் போன்ற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிக்கக் கற்றுக்கொடுத்துப் பழகியவர். 1953 இல் அவர் சுமார் 2000 அடிப்படைச் சொற்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். பட்டியல் என்றாலும் அது நம் கரும்பலகைக் கட்டம் மாதிரி இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் என்னென்ன பொருள்கள், எந்தப் பொருள் எவ்வளவு அதிகமாக வழங்குகிறது என்பதையும் சேர்த்துக் கொடுத்திருந்தார். 'நன்றாக' என்ற பொருளில் வரும் 'வெல்' எத்தனை முறை கண்ணில் படுகிறது, கிணறு எத்தனை முறை என்று யோசியுங்கள். நாம் கிணற்றை முதலில் சொல்லிக்கொடுப்பது அதைப் படமாக வரைய முடியும் என்பதால்தான்.

அந்தச் சமயத்தில் சிங்கப்பூரிலிருந்து என் அத்தை மகள் பேசினாள். அங்கே சீனாவிலிருந்து குடிவந்த பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறாள். எங்கள் பிள்ளைகளுக்கும் 2019 அக்டோபரில் மாமல்லபுரத்துக்குச் சீன அதிபர் வந்துபோனதிலிருந்து சீனம் என்றால் ஒரு ஆர்வம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் தன் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள்: "எங்க பசங்க, லைட் போடறதுக்கு 'ஓப்பன் தி லைட்'னு சொல்றாங்க." நான் உடனே, "எங்க பசங்க 'புட் தி லைட்'னு சொல்லுவாங்க" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகுதான் அதில் விஷயம் இருப்பது தெரிந்தது.

சீன மொழியில் திறப்பதற்கு ஒரு வினைச்சொல். ஏறக்குறைய நம் 'காய்' போல ஒலிக்கும். கதவைத் திறப்பதும் அதுதான், விளக்கைப் போடுவதும் அதுதான். வண்டி ஓட்டுவதற்கும், கூட்டம் நடத்துவதற்கும், பூ பூப்பதற்கும் கூட அதே சொல்தான் முன்னால் வரும். மருந்தை அவர்கள் 'உண்பார்கள்'. அதனால் அந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் மருந்தை 'ஈட்' செய்கிறார்கள். என் பிள்ளைகளும் மாத்திரையை 'ஈட்' செய்கிறார்கள், சில பேர் 'புட்' செய்கிறார்கள். இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் சொற்களை அறியாதவர்கள் இல்லை. 'ஓப்பன்' தெரியும், 'லைட்' தெரியும். இந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பது மட்டும் தெரியவில்லை. அதைப் பட்டியலில் கற்க முடியாது. பட்டியலில் ஒவ்வொரு சொல்லும் தனியாக நிற்கிறது.

மறுநாள் பாடப்புத்தகத்தைத் திறக்கவில்லை. கரும்பலகையில் நடுவில் 'போடு' என்று தமிழில் எழுதினேன். "வீட்டில், தெருவில், கடற்கரையில் எதையெல்லாம் போடுகிறோம்?" என்று கேட்டேன். நாற்பது பிள்ளைகளும் கத்தினார்கள். லைட் போடு, டீ போடு, சட்டை போடு, பூட்டுப் போடு, கையெழுத்துப் போடு, ஊசி போடு, கோலம் போடு, சோறு போடு, பெட்ரோல் போடு, சத்தம் போடு, சண்டை போடு, ஓட்டுப் போடு, வலை போடு, கோழி முட்டை போடுகிறது, ரோடு போடுகிறார்கள். வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "மிஸ், நீங்க மார்க் போடறீங்க" என்றான். அதையும் எழுதினேன்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் முழு வாக்கியம். 'ஸ்விட்ச் ஆன் தி லைட்', 'மேக் சம் டீ', 'லாக் தி டோர்', 'சைன் ஹியர்', 'டிரா எ கோலம்'. சட்டைக்கு மட்டும் 'புட் ஆன்' வந்தது. "பாத்தியா, இதுக்கு நம்ம புட்டே வந்துடுச்சு" என்று ஒருத்தி மகிழ்ந்தாள். கோழி முட்டையிடுவதற்கு 'லே', ரோடு போடுவதற்கும் 'லே' என்றபோது வகுப்பே வியந்தது. அடுத்தது இன்னும் நன்றாக இருந்தது. வலை போடுவதற்கு 'காஸ்ட் எ நெட்'. ஓட்டுப் போடுவதற்கு 'காஸ்ட் எ வோட்'. வலையையும் ஓட்டையும் ஆங்கிலேயனும் ஒரே சொல்லால்தான் போடுகிறான்! குப்பத்துப் பிள்ளைகள் அதை இன்றுவரை மறக்கவில்லை.

அடுத்த வாரம் 'பிடி'. இதில் எனக்கே ஆச்சரியம் காத்திருந்தது. மீன் பிடி, 'கேட்ச் ஃபிஷ்'. பஸ்ஸைப் பிடி, 'கேட்ச் தி பஸ்'. சளி பிடித்தது, 'காட் எ கோல்ட்'. தீப்பிடித்தது, 'காட் ஃபயர்'. திருடனைப் பிடித்தார்கள், அதற்கும் அதேதான். இவ்வளவு தூரம் இரண்டு மொழியும் கைகோத்து வந்துவிட்டு, 'எனக்கு ஐஸ்கிரீம் பிடிக்கும்' என்ற இடத்தில் கையை விட்டுவிட்டது. அங்கே 'லைக்'. கையைப் பிடி என்றால் 'ஹோல்ட்'. தமிழை வகுப்பில் பேசவிட்டால் ஆங்கிலம் கெட்டுப்போகும் என்று நான் பல வருடம் பயந்திருக்கிறேன். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்பதைப் பிள்ளை பார்ப்பதற்கே தமிழ் வேண்டியிருக்கிறது.

இனி நம் ஊருக்கே உரிய ஒன்று. பாடப்புத்தகத்தில் 'பிளான்ட்' என்றால் செடி. ஒன்றாம் வகுப்பிலிருந்தே படம் போட்டுக் கற்றுக்கொடுக்கிறோம். ஆனால் புதுப்பட்டினத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ ஒரு பிள்ளையிடம் பிளான்ட் என்று சொல்லுங்கள், அணுமின் நிலையம் இருக்கும் திசையில் கையைக் காட்டும். "அப்பா பிளான்ட்ல இருக்காரு" என்று பிறந்ததிலிருந்து கேட்ட சொல் அது. இங்கே முதல் அணுமின் அலகு இயங்கத் தொடங்கியது 1983 இல். பிளான்ட், ஷிஃப்ட், யூனிட், டவுன்ஷிப், குவார்ட்டர்ஸ், கேட் பாஸ், கான்ட்ராக்ட் என்று அன்று முதல் இந்த ஊர் பேசும் ஆங்கிலம் ஒன்று இருக்கிறது. நாம் அதை ஆங்கிலமாகவே எண்ணுவதில்லை. கேட் பாஸ், பஸ் பாஸ், பரீட்சையில் பாஸ், 'பாஸ் தி பால்' என்று நான்கையும் வாக்கியமாக்கச் சொன்னால் ஒரு பாடவேளை போதாது.

இன்னொன்று, அவசரகாலப் பயிற்சி. அதற்கு 'எமர்ஜென்சி எக்ஸர்சைஸ்' என்பார்கள். எக்ஸர்சைஸ் என்றால் பாடத்தின் கடைசியில் இருக்கும் கேள்விகள் என்றுதான் பிள்ளைகள் நினைத்தார்கள். "ஹோம்வொர்க்கா மிஸ்?" என்று கேட்டார்கள். 'ஸ்டே இன்டோர்ஸ்', 'ஷெல்டர்' போன்ற சொற்களை இந்த ஊர்ப் பிள்ளை படித்தவுடன் புரிந்துகொள்ள வேண்டும். இவற்றை அகராதி வரிசையில் வரும்வரை காத்திருந்து கற்றுக்கொடுக்க முடியாது.

வானிலை அறிவிப்பும் அப்படித்தான். 'ஃபிஷர்மென் ஆர் அட்வைஸ்ட் நாட் டு வென்ச்சர் இன்டு தி சீ.' புயல் காலத்தில் எல்லோருடைய கைபேசியிலும் வந்து விழும் வாக்கியம். தமிழிலும் வரும், ஆனால் ஆங்கிலம் முதலில் வந்துவிடுவதும் உண்டு. 'வென்ச்சர்' யாருக்கும் தெரியவில்லை. ஆனால் மீனவர், கடல், 'நாட்' மூன்றையும் வைத்து 'போகாதே' என்று ஊகித்தார்கள். அது போதும். அதே செய்தியில் 'ரஃப் சீ' என்று இருந்தது. ரஃப் என்றால் பிள்ளைகளுக்கு ரஃப் நோட்டு. "கிறுக்கி வெச்சிருக்குமா மிஸ் கடல்?" என்று ஒருவன் கேட்டான். அவன் அப்பா கடலுக்குப் போகிறவர். நான் விளக்குவதற்குள் அவனே, "ஆமா, அன்னிக்கு அலை கிறுக்குன மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டான். சொரசொரப்பான சுவர், ரஃப் நோட்டு, கொந்தளிக்கும் கடல் என்று மூன்று வாக்கியம் எழுதிக்கொண்டோம். 2004 டிசம்பர் 26 ஐப் பார்த்த கரை இது. கடலைப் பற்றிய சொற்களில் இங்கே விளையாட்டாக எதுவும் இல்லை.

ஆனால் ஊகம் எப்போதும் கைகொடுக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சூழலை வைத்துப் பொருள் கண்டுபிடி என்று பயிற்சிகளில் நமக்குச் சொல்கிறார்கள். 'வெளியே வைத்து' என்று சொன்ன பிள்ளையும் ஊகித்துத்தான் சொன்னாள். எத்தனை சொல் தெரிந்தால் ஊகம் பலிக்கும் என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. நியூசிலாந்தில் பால் நேஷன் என்ற பேராசிரியரும் ஹு என்ற ஆய்வாளரும் 2000 இல் வெளியிட்டது. ஒரு பத்தியை யார் துணையும் இல்லாமல் புரிந்து படிக்க, நூற்றுக்கு 98 சொல் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒரு புதுச் சொல். நம் பாடங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒரு வரிக்கே இரண்டு புதுச் சொல் வருகிறது. அதில் பிள்ளையை ஊகி என்று விடுவது, நீச்சல் தெரியாதவனைப் பாலாற்று முகத்துவாரத்தில் இறக்கிவிடுவது போலத்தான்.

அதனால் நான் செய்வது: பாடத்துக்கு முன்னால் நானே நான்கைந்து வரியில் எளிய பத்தி ஒன்று எழுதிக்கொள்கிறேன். ஊர்ச் செய்திதான். ஏலம், பஸ், திருவிழா, கோழி என்று எதுவானாலும் சரி. அதில் புதுச் சொல் ஒன்றோ இரண்டோதான். பிள்ளைகள் ஊகிப்பார்கள், ஊகித்ததை நோட்டில் எழுதுவார்கள், அப்புறம் அகராதி. ஊகித்தது தப்பு என்றால் அடிக்காமல் பக்கத்தில் சரியானதை எழுதச் சொல்கிறேன். இரண்டு நாள் கழித்து அதே சொல் வேறு பத்தியில் வரும். வாரக் கடைசியில் அந்தச் சொல்லுக்கு இடம் விட்டு அதே பத்தி. சொல்லும் பொருளும் எழுதிய பழைய நோட்டை நிறுத்திவிட்டேன். இப்போது இருப்பது 'கூட்டாளி நோட்டு'. பெயர் வைத்தது பிள்ளைகள்தான். ஒவ்வொரு சொல்லும் அதன் கூட்டாளியோடுதான் உள்ளே வர வேண்டும். 'ஹெவி' தனியாக வர முடியாது. 'ஹெவி ரெய்ன்', 'ஹெவி பேக்' என்று வரலாம். பலத்த காற்றுக்கு 'ஹெவி விண்ட்' என்று எழுதினார்கள். காற்றுக்கு 'ஸ்ட்ராங்' என்றேன். டீக்கும் 'ஸ்ட்ராங்' என்று டீக்கடைக்காரர் மகன் சேர்த்தான்.

இதில் புதுமை எதுவும் நான் கண்டுபிடித்துவிடவில்லை. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு 1979 இலிருந்து 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளில் ஒரு திட்டம் நடத்தினார். சொற்பட்டியல், இலக்கணப் பயிற்சி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, பிள்ளைகளிடம் ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்தார். எந்த ரயிலில் போனால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்று ஆங்கிலத்தில் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். கணக்குக்கு விடை தேடும் அவசரத்தில் மொழி தானாக ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் எண்ணம். உலகம் முழுவதும் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். நாம் நம் ஊர்க்காரர் செய்ததை மறந்துவிட்டு வெளியூர்ப் பயிற்சியில் அதையே புதிதாகக் கேட்கிறோம். இங்கே நமக்கு ரயில் இல்லை. பஸ் நேரப் பலகை இருக்கிறது. கல்பாக்கத்தில் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டில் ரயிலைப் பிடிக்க எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? அந்தக் கேள்வியில் 'டிபார்ச்சர்', 'அரைவல்', 'மிஸ்', 'வெயிட்', 'லேட்' எல்லாம் வந்துவிடுகின்றன. 'மிஸ்' என்றால் நான் மட்டும் இல்லை என்பதும் அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் மனதில் இருக்கும் கேள்வி எனக்குத் தெரியும். தேர்வில் இணைச்சொல், எதிர்ச்சொல்தானே கேட்கிறார்கள் என்பீர்கள். வினாத்தாளை எடுத்துப் பாருங்கள், அடிக்கோடிட்ட சொல் ஒரு வாக்கியத்துக்குள்தான் இருக்கிறது. வாக்கியத்தைப் படிக்காமல் சொல்லை மட்டும் பார்த்து விடை எழுதுவது நாம் பழக்கிவிட்ட பழக்கம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எண்ணும் எழுத்தும் வகுப்பில் பாட்டோடும் அசைவோடும் நீங்கள் செய்வது இதுதான். 'ஓப்பன் தி டோர்' என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறக்கும் பிள்ளைக்குத் தமிழில் பொருள் எழுத வேண்டியதில்லை. ஆறாம் வகுப்புக்கு வந்ததும் நாங்கள்தான் அதை நிறுத்திவிடுகிறோம்.

சிரமமும் உண்டு. பத்தி எழுத எனக்கு வாரத்தில் ஒரு மாலை போகிறது. நாற்பது நோட்டு திருத்தக் கண் வலிக்கிறது. சில வாரம் முடியாமல் பழைய கட்டத்துக்கே போயிருக்கிறேன். பழைய முறையில் மனப்பாடம் செய்து முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் இரண்டு மூன்று பேருக்கு இது பிடிக்கவே இல்லை. "எத்தனை அர்த்தம் மிஸ், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்று ஒருத்தி அழுதாள். அவளுக்கு இன்றும் நான் சரியாக வழி கண்டுபிடிக்கவில்லை.

வீட்டிலிருந்து ஆங்கிலம் அச்சிட்ட காகிதம் கொண்டுவரச் சொல்வது வெள்ளிக்கிழமை வேலை. பிஸ்கட் உறை, உரமூட்டைத் துண்டு, கரண்ட் பில், மருந்து அட்டை. அந்த லோஷன் மாணவி பத்தாம் வகுப்புக்கு வந்தபோது ஒரு புது பாட்டிலை எடுத்துவந்தாள். ஆயாவுக்கு இருமல் மருந்தாம். 'ஷேக் வெல்' சரியாகச் சொன்னாள். எத்தனை வேளை என்று சொன்னாள். அதற்குக் கீழே 'கீப் அவுட் ஆஃப் ரீச் ஆஃப் சில்ட்ரன்' என்று இருந்தது. 'ரீச்ட் ஹோம்' தெரிந்த பிள்ளை, இங்கே கைக்கு எட்டாத உயரம் என்று தானே கண்டுபிடித்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "மிஸ், ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படிச்சுச் சொல்லணும். என் கைக்கு எட்டாம வெச்சா யாரு படிக்கறது?" என்றாள்.

நேரம் ஆகிவிட்டது, சாப்பாடு காத்திருக்கிறது. உங்கள் மேசை மேல் ஆளுக்கொரு மருந்து அட்டை வைத்திருக்கிறேன். சாப்பிட்டு வந்ததும், ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை அதில் எந்தச் சொல்லில் இடறும் என்று குறித்துக்கொடுங்கள். பிறகு பேசுவோம்.